மலைமேல் பாம்புக்கடி: ஏற்றி அனுப்பும் முன்

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேரப்போகிறேன். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாம்புக்கடி வந்தால் உடனே 108-ல் ஏற்றிவிடு என்கிறார்கள். ஐ.சி.யூ. இல்லாத இடத்தில் விஷமுறிவு மருந்து போடலாமா?

பதில்: விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் மருந்து பிடிக்கும். நரம்பு முனையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்ட பிறகு அதை மீட்காது. மலைப்பாதையில் போகும் இரண்டு மணி நேரம் நோயாளிக்குத் திரும்பக் கிடைக்காது.

லேப் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2 மில்லி ரத்தத்தை உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் போன்றவற்றின் விஷம் வேலை செய்கிறது. இந்தச் சோதனை பொய்த்துப்போவது பெரும்பாலும் குழாயால்தான். பிளாஸ்டிக்கிலும் சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தம்கூட உறையாது. உறைந்துவிட்டாலும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முதல் 3 மணி நேரம் மணிக்கொரு முறை, பிறகு 24 மணி நேரம் வரை 6 மணிக்கொரு முறை திரும்பப் பாருங்கள்.

விஷமுறிவு மருந்தின் முதல் அளவு 10 குப்பி. ஒவ்வொன்றிலும் 10 மில்லி ஊசிநீர் விட்டு மெல்லச் சுழற்றுங்கள், குலுக்கினால் நுரைத்துவிடும். மொத்தத்தையும் சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுங்கள். குழந்தைக்கும் அதே 10 குப்பிதான், சலைனை மட்டும் எடைக்கேற்பக் குறையுங்கள். கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் வேண்டாம். அலர்ஜி வருமா என்பதை அது காட்டாது. அலர்ஜியை அடக்கும் அட்ரினலினை ஊசியில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டிரிப்பைத் திறங்கள். அரிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் டிரிப்பை நிறுத்திவிட்டு, பெரியவருக்கு 0.5 மி.கி. அட்ரினலினைத் தொடைத் தசையில் போடுங்கள். அடங்கியதும் மெதுவாகத் தொடருங்கள். பயந்து மருந்தையே கைவிடுவதுதான் பெரிய ஆபத்து.

கட்டுவிரியன் வேறு மாதிரி. தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். கடிவாய் தெரியாது, வீக்கமும் இராது. இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். மூச்சுத் தசை சோர்ந்தால் அவரைக் காப்பது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பைதான். அதை அழுத்தத் தெரிந்த ஒருவர் ஆம்புலன்சில் கூடவே போக வேண்டும். நர்ஸ் அக்காவுக்கும் டிரைவர் அண்ணனுக்கும் சேர்ந்த முதல் வாரமே பழக்கிவிடுங்கள்.

இறுக்கிய கயிற்றோடு வந்தால் பார்த்ததும் அறுக்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உடம்பெங்கும் போய்விடும். டிரிப் ஓட ஆரம்பித்து, ஆம்பு பையும் கையில் இருக்கும்போது தளர்த்துங்கள்.

கேள்வி: கடித்த பாம்பைக் கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், இன்னொருவர் கடிபடுவார். தூரத்திலிருந்து போனில் எடுத்த படம் போதும். படம் இருந்தால் ஒரு முக்கியமான பயன் உண்டு: நம் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியனுக்கு அது கேட்காது. குழிவிரியன் என்று உறுதியானால் மருந்தை வீணாக்காமல், ரத்த உறைவையும் சிறுநீர் அளவையும் கவனித்தபடி டயாலிசிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.