காதால் கேட்டுக் கையால் தட்டுகிற முகவரி

மின்னஞ்சல் மடல் நடத்துகிறவர்கள் இந்த முறை நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். எல்லாருடைய கவலையும் ஒன்றுதான்: ஆட்களை மடலில் சேர்க்க என்ன முகவரி சொல்வது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

*

கேள்வி: மாடித்தோட்டம் பற்றி வாரம் ஒரு மடல் அனுப்புகிறேன். சேர்வதற்கு ஒரு கூகுள் ஃபார்ம் வைத்திருக்கிறேன், அதன் லிங்க் ஒரு முழம் நீளம். விதைத் திருவிழாக்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். மேடையில் அந்த லிங்க்கை எப்படிச் சொல்வது? மாடித்தோட்டம் என்ற பெயரையே ஆங்கில எழுத்தில் டாட் காம் போட்டு வாங்கிவிடலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அதை வாங்காதீர்கள். மடலின் தலைப்பாக அது அருமையான பெயர், அப்படியே இருக்கட்டும். முகவரியாக மட்டும் வேண்டாம்.

நீங்கள் மேடையில் மாடித்தோட்டம் என்று சொல்கிறீர்கள், நான்காவது வரிசையில் இருக்கும் ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்து அதை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார். எப்படித் தட்டுவார்? ‘மா’வுக்கு ஏ ஒன்றா இரண்டா, 2 வழி. ‘த்தோ’வுக்கு டி-யும் எச்-சும் போடுவாரா, டி இரண்டு போட்டு எச் சேர்ப்பாரா, வெறும் டி-யோடு விடுவாரா, 3 வழி. ‘ட்ட’வுக்கு டி ஒன்றா இரண்டா, மறுபடியும் 2 வழி. பெருக்கிப் பாருங்கள், 12 வருகிறது. அதில் ஒன்றுதான் உங்களுடையது. மற்ற பதினொன்றில் எதைத் தட்டினாலும் ‘பக்கம் இல்லை’ என்று வரும், அல்லது வேறு யாருடைய கடையோ திறக்கும். இரண்டாவது முறை யாரும் முயற்சி செய்ய மாட்டார்கள்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுத எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை ஒன்று இன்னும் நமக்கு வாய்க்கவில்லை. அரசே முயன்று பார்த்த கதை நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியே வந்தது. கோயம்புத்தூருக்கு நடுவில் டி-எச் இரண்டு முறை வந்ததைப் பார்த்து ஊரே வாதாடியது, அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. தமிழ் என்ற சொல்லுக்கே ஒருவர் எல் போடுகிறார், இன்னொருவர் இஸட்-எச் போடுகிறார்.

சரி, அப்படியானால் தமிழ்ச் சொல்லே வேண்டாமா? வேண்டும், ஆனால் பொறுக்கி எடுக்க வேண்டும். எனக்குக் கைகொடுத்த வழி இது: குறில் மட்டும் வருகிற சொற்களைத் தேடுங்கள், ழ, ட, த, ச இருந்தால் தள்ளி வையுங்கள். மரம், உரம், நிலம், மலர் போன்ற சொற்களை யாரிடம் கொடுத்தாலும் ஒரே மாதிரிதான் தட்டுவார்கள். ல-வும் ள-வும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குப் போய்விடுகின்றன, ர-வும் ற-வும் அப்படியே, அதனால் அவை தொல்லை தராது. பல வருஷப் பழக்கத்தில் எழுத்து உறைந்துபோன சொற்களும் உண்டு. கோலம், ரசம் இரண்டும் என் விதிப்படி தேறாதவை, ஆனாலும் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். அதற்காக இட்லியை நம்பிவிடாதீர்கள், பாதிப் பேர் கடைசியில் ஐ போடுகிறார்கள், பாதிப் பேர் ஒய் போடுகிறார்கள். எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். கடல் என்று நீங்கள் வாங்கியதை நோட்டீஸில் பார்க்கிறவர் காதல் என்று படிக்கலாம்.

ஒற்றைச் சொல் டாட் காம் எல்லாம் எப்போதோ போய்விட்டன. அதனால் இரண்டாவது சொல் ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் சொல் முடிகிற எழுத்திலேயே அடுத்த சொல் தொடங்கக் கூடாது. உரம், மலர் இரண்டையும் சேர்த்தால் நடுவில் எம் இரண்டு வரும், பாதிப் பேர் ஒன்றை விழுங்கிவிடுவார்கள். மலர், உரம் என்று மாற்றிப் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

நாலைந்து பெயர் தேறியதும் காசு கட்டுவதற்கு முன்னால் போனை எடுங்கள். உங்கள் சித்தி, பால்காரர், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் என்று ஐந்து பேருக்குக் கூப்பிட்டு, முகவரியை ஒரே ஒருமுறை சொல்லுங்கள், எழுத்து எழுத்தாகச் சொல்லாதீர்கள். சாயங்காலம் அதைத் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தும் ஒரே மாதிரி வந்தால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். எழுத்துக் கூட்டிச் சொல்லியாக வேண்டிய முகவரி மேடைக்கு உதவாது, ஏனென்றால் டி என்றதும் டெல்லிக்கு வரும் டி-யா, திருச்சிக்கு வரும் டி-யா என்று கேட்பார்கள், அங்கேயே பேச்சின் ஓட்டம் போய்விடும்.

*

கேள்வி: முகவரி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது என்கிறார்களே? என் மடலின் பெயர் நீளம், அதனால் முதல் எழுத்துகளை மட்டும் சேர்த்து நாலு எழுத்தில் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: குட்டையாக இருப்பது ஒன்று, மனதில் நிற்பது இன்னொன்று. உங்களுக்கு அந்த நாலு எழுத்துக்கும் அர்த்தம் தெரியும், கேட்கிறவருக்கு அது வண்டி நம்பர் மாதிரிதான். அதிலும் எம்-மும் என்-னும், பி-யும் டி-யும், எஸ்-ஸும் எஃப்-பும் போனில் ஒன்றுபோலக் கேட்கும்.

அமெரிக்காவில் ஓவர்ஸ்டாக் என்ற பெரிய இணையக் கடைக்கு நடந்ததைப் பாருங்கள். குட்டையான முகவரி வேண்டும் என்று 2010-ல் ஓ டாட் கோ என்ற முகவரியை 3,50,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஒரே எழுத்து, அதைவிடச் சுருக்க வழியே இல்லை. 2011-ல் ஓக்லாண்ட் விளையாட்டரங்கத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள், விளம்பரமெல்லாம் அதை வைத்தே செய்தார்கள். ஆனால் பார்த்தவர்களில் நிறையப் பேர் பழக்க தோஷத்தில் ஓ டாட் காம் என்று தட்டினார்கள். அப்படி ஒரு தளமே அன்று இல்லை. அந்த வருஷம் முடிவதற்குள் கடை பழைய நீளப் பெயரையே மறுபடி முன்னால் வைத்தது. அவ்வளவு பணம் இருந்த இடத்திலேயே இந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இன்னொரு பாடமும் உண்டு. டெலிசியஸ் என்று 2003-ல் வந்த தளம், அந்த ஆங்கிலச் சொல்லை நடுநடுவே புள்ளி வைத்து உடைத்து, கடைசித் துண்டு டாட் யு.எஸ். என்று முடியும்படி முகவரி வைத்திருந்தது. பார்க்கக் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது, புள்ளி எங்கெங்கே விழும் என்பதுதான் யாருக்கும் நினைவில்லை. 2008-ல் நேரடியாக டாட் காமுக்கு மாறினார்கள். ஃபேஸ்புக் வேறு மாதிரி. ஆரம்பத்தில் முகவரிக்கு முன்னால் ‘தி’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது, அதை உதற 2005-ல் 2,00,000 டாலர் கொடுத்தார்கள். அந்தச் சுருக்கம் நியாயமானது, மக்கள் வாயில் வராத ஒரு சொல்லைத்தான் வெட்டினார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் மடலை வாசகர்கள் பேச்சில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் நீளப் பெயரில் ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் முகவரி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

*

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். இலக்கணம் பற்றி மடல் எழுதுகிறேன். தமிழ் எழுத்திலேயே முகவரி கிடைக்கும் என்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கிடைக்கும் ஐயா. புள்ளிக்குப் பிறகு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடிகிற முகவரிகள் இருக்கின்றன. மேலே நான் புலம்பிய ழகரச் சிக்கல் எதுவும் அங்கே இல்லை, ழ என்றால் ழ-தான். உங்கள் வாசகர்கள் போனில் தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவர்கள் என்றால் அவர்களுக்கு அது வீடு மாதிரி இருக்கும்.

ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். இணையத்தின் அடித்தளம் ஆங்கில எழுத்து, எண், சின்னக் கோடு ஆகியவற்றை வைத்துக் கட்டியது. அதனால் தமிழ் முகவரியை உள்ளே எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஓர் எழுத்துக் குவியலாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். முகவரியை யாராவது நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் சில நேரம் அந்தக் குவியல்தான் வெளியே தெரியும், பார்க்கிறவர் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்து விலகிவிடுவார். மின்னஞ்சலுக்கு இன்னும் கஷ்டம், தமிழ் முகவரியில் முடிகிற மின்னஞ்சலைப் பல படிவங்கள் இன்றும் ஏற்பதில்லை. தமிழில் ஒன்று, எளிய ஆங்கில எழுத்தில் ஒன்று என இரண்டும் வாங்கி, இரண்டையும் ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். நோட்டீஸில் தமிழ் முகவரி பெரிதாக இருக்கட்டும், மடல் அனுப்ப மற்றதை வையுங்கள்.

*

கேள்வி: முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகள் இலவசம், கியூஆர் கோடும் இலவசம். அப்புறம் எதற்கு வருஷா வருஷம் காசு கட்டி ஒரு பெயர்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: கியூஆர் கோடு நல்ல விஷயம், அச்சில் கட்டாயம் போடுங்கள். ஆனால் அதை வானொலியில் சொல்ல முடியாது, கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் சொல்ல முடியாது. சுருக்கு முகவரிகளிலோ கடைசியில் வருவது அர்த்தமில்லாத ஏழெட்டு எழுத்து, பல சேவைகளில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே வேறு இடத்துக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், அது உங்களுடையதல்ல. கூகுளே இப்படி ஒரு சேவை நடத்தி, 2018-ல் மூடப்போவதாக அறிவித்து, 2019 மார்ச்சில் புதிய சுருக்கங்கள் தருவதை நிறுத்திவிட்டது.

சொந்தப் பெயர் வாங்கினால் அதைத் திருப்பிவிடும் வசதி உங்கள் கையில் இருக்கும். இன்று ஒரு சேவையில் மடல் நடத்துகிறீர்கள், இரண்டு வருஷம் கழித்து வேறு இடம் மாறுகிறீர்கள், சுவரில் ஒட்டிய போஸ்டர் அப்படியே இருக்கும், முகவரி மட்டும் புதிய பக்கத்துக்குப் போகும். திருப்பிவிடும்போது 301, 302 என்று இரண்டு வகை கேட்பார்கள். 301 நிரந்தரம் என்று பொருள், பிரவுசர்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு நீங்கள் மாற்றிய பிறகும் பழைய இடத்துக்கே போகக்கூடும், அதனால் தற்காலிகம் என்று பொருள்படும் 302-ஐத் தேர்ந்தெடுங்கள். கியூஆர் கோடுக்குள்ளும் இந்தச் சொந்த முகவரியையே வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நடந்தது. என் முதல் மடலுக்கு முகவரி வாங்கித் தந்தவர் அதைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். எனக்கு அது தெரியாது. புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் எல்லாம் அவருக்கே போயின, அவர் அந்தத் தொழிலையே விட்டிருந்தார். நான் கவனித்தபோது வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். நான் ஊர் ஊராகக் கொடுத்த துண்டுச் சீட்டுகளில் இருந்த முகவரி ஏதோ சூதாட்டப் பக்கத்துக்குப் போனது. அதைச் சொல்லி ஒரு பெரியவர் போன் செய்தார், அந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. டாட் காம் மாதிரி முகவரிகளில் தேதி தாண்டினாலும் பெரும்பாலும் சில வாரம் அவகாசம் உண்டு, அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், கட்டணம் அதிகம், பிறகு 5 நாளில் பொதுவுக்கு வந்துவிடும். இதற்கு நடுவிலேயே ஏலம் விடும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆகவே உங்கள் பெயரில், நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்காமல் இரண்டாம் வருஷம் எவ்வளவு என்று பாருங்கள்.

*

கேள்வி: நடுவில் கோடு, எண் எல்லாம் போடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேறு வழியே இல்லை என்றாலொழிய வேண்டாம். கோடு என்றால் நடுக்கோடா அடிக்கோடா என்று கேட்பார்கள். ஐந்து என்றால் எண்ணில் தட்டுவதா எழுத்தில் தட்டுவதா என்று கேட்பார்கள்.

*

கேள்வி: கைத்தறிச் சேலைக் கடைக்கு ஏற்கெனவே தளம் இருக்கிறது. மடலுக்குத் தனி முகவரி வாங்க வேண்டுமா?
– வாசகர், சின்னாளபட்டி

பதில்: வேண்டாம். கடைப் பெயரை ஊர் அறியும், அதைவிட நல்ல முகவரி எங்கே கிடைக்கும்? அதன் பின்னால் ஒரு சாய்கோடும் ஒரே ஒரு எளிய சொல்லும் போதும், மெயில் என்றே இருக்கட்டும். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பல தளங்கள் பார்க்கும். போன் தானாக முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிடும் என்பதால் இரண்டு விதமாகத் தட்டினாலும் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். மடலும் அதே பெயரில் முடியும் மின்னஞ்சலிலிருந்தே போகட்டும், சேலை வாங்கியவர் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார். ஜிமெயில் முகவரிகளுக்கு மட்டும் தினமும் 5,000-க்கு மேல் அனுப்பும் அளவுக்கு வளர்ந்தால் 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கேட்கிற எஸ்.பி.எஃப்., டி.கிம், டி-மார்க் ஆகியவற்றை, அதாவது மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகளை, உங்கள் தளக்காரர் போட்டுத்தர வேண்டியிருக்கும், இப்போதே கேட்டுப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஜவுளிப் பையில் முகவரியை அச்சடிக்கிறீர்கள் என்றால் புரூஃப் வந்ததும் கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்து, அதைப் பார்த்து அவர் போனில் தட்டச் சொல்லுங்கள். பக்கம் திறந்த பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.