கஞ்சி ஊற்றும்போது கணக்கு எதற்கு?

கேள்வி: வெள்ளம், தொற்று, விலைவாசி என்று ஒன்று மாற்றி ஒன்றாக நாடு அடிபடுகிறது. இந்த நேரத்தில் சமூகவியல், வரலாறு, மானிடவியல் என்று ஆய்வுக்கு அரசு பணம் கொடுப்பது தண்டச்செலவு இல்லையா? முதலில் மருத்துவமனை, நிவாரணம். ஆய்வெல்லாம் நிலைமை சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாமே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1943இல் வங்காளத்தில் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் மறுபடி கேளுங்கள்.

அது பஞ்சம் தலைவிரித்தாடிய வருடம். செத்தவர்கள் சுமார் 15 லட்சம் என்றது அரசு அமைத்த விசாரணைக் கமிஷன்; பிற்பாடு கணக்குப் பார்த்தவர்கள் 30 லட்சம் வரை போகிறார்கள். கிராமத்து ஜனம் நடந்தே கல்கத்தாவுக்கு வந்து, கஞ்சித் தொட்டி வாசலிலும் நடைபாதையிலும் சுருண்டு கிடந்தது. அந்த நடைபாதைகளுக்குக் கல்கத்தா பல்கலைக்கழக மானிடவியல் துறையின் தாரக் சந்திர தாஸ் தன் குழுவோடு போனார். எந்த ஊர், என்ன தொழில், ஏன் கிளம்பினீர்கள், குடும்பத்தில் மிச்சம் யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பசியில் கிடப்பவனிடம் கணக்கெடுப்பா என்று அன்றைக்கு நீங்கள் அந்தப் பக்கம் போயிருந்தால் கோபப்பட்டிருப்பீர்கள். நானும்தான்.

பஞ்சம் கொஞ்சம் ஓய்ந்ததும், 1944-45இல், புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கிராமங்களுக்குள் இறங்கியது. 15,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள். யார் நிலத்தை விற்றார், யார் மாட்டை விற்றார், யாருக்கு விற்க எதுவுமே இல்லை என்று தொழில்வாரியாகப் பிரித்து எழுதினார்கள். விவசாயக் கூலிகள், மீனவர்கள், பாரம் ஏற்றிப் பிழைத்தவர்கள் இவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்திருந்தது. மீனவனுக்கு ஏன்? ஜப்பான் படை வந்தால் கைக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று 1942இல் கரையோர மாவட்டங்களில் படகுகளை அரசே பறிமுதல் செய்து, உடைத்துப் போட்டிருந்தது. படகு போனால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் அரிசி வாங்கக் காசு இல்லை.

இந்த அட்டவணைகள் பல வருடம் அலமாரியில் கிடந்தன. 1981இல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் வங்கப் பஞ்சத்தைப் பற்றி எழுதியபோது அவற்றை எடுத்துப் பிரித்தார். 1943இல் வங்காளத்தில் இருந்த அரிசி, பஞ்சமே இல்லாத 1941ஐ விட அதிகம் என்பது அவர் வாதம். அரிசி இருந்தது, விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. இதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. அது தனிச் சண்டை. ஆனால் பஞ்சம் வந்தால் மூட்டையை மட்டும் எண்ணாதே, கூலிக்காரன் கையில் காசு இருக்கிறதா என்று பார் என்பது அதற்குப் பிறகு இன்னும் பலர் காதில் உறைத்தது. நீங்கள் 'முதலில் நிவாரணம்' என்கிறீர்களே, அந்த நிவாரணம் முதலில் யாருக்கு என்பதற்கு விடை நடைபாதையில் எழுதிய அந்தத் தாள்களிலும் கிராமத்துப் படிவங்களிலும்தான் இருந்தது.

பழைய கதை என்பீர்கள். சரி, 2020க்கு வருவோம். மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு. தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை என்று நெடுஞ்சாலையெல்லாம் ஆட்கள் நடந்தார்கள். வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது அப்படி ஒரு கணக்கே இல்லை, அதனால் இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை என்று மத்திய அரசு பதில் சொல்லிவிட்டது. இப்படியும் ஒரு சிக்கனம்! பக்கத்துக் கேரளத்தில் 1998 முதல், சில வருடங்களுக்கு ஒருமுறை, திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தார் வீடு வீடாகப் போய் யார் எந்த நாட்டுக்குப் போயிருக்கிறார், எவ்வளவு அனுப்புகிறார் என்று கேட்டு வந்தார்கள். வளைகுடாவிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கியபோது, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பேர் வரக்கூடும் என்று யோசிக்க அங்கே ஒரு மதிப்பீடாவது கையில் இருந்தது. தொற்று வந்த பிறகு அவசரமாக நிதி ஒதுக்கி அதைத் தயாரித்திருக்க முடியாது.

வரலாறு எதற்கு என்கிறீர்களா? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஊரே கேட்ட கேள்வி, இங்கே முன்னால் ஏரி எங்கே இருந்தது என்பதுதான். வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம் நுங்கம்பாக்கம் ஏரி. தியாகராய நகரின் பெரும்பகுதி மாம்பலம் நெடிய ஏரி. நுங்கம்பாக்கம் பக்கம் 'லேக் ஏரியா' என்று தெருப்பெயர் மட்டும் மிச்சம். பழைய வரைபடத்தையும் வருவாய்த்துறைப் பதிவையும் ஆவணக் காப்பகத்தில் தும்மித் தும்மிப் புரட்டுகிறவர் ஒரு வரலாற்று மாணவர்தான்.

உங்கள் எரிச்சலில் பாதி எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. மதிப்புரைக்கு வரும் முனைவர் பட்ட நூல்களைப் பார்க்கிறேன். நோக்கம், எல்லை, முன்னோடிகள் என்று நாற்பது பக்கம் ஓட்டி, நாற்பத்தோராம் பக்கத்தில் ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்வார்கள். அதற்குக் கொடுத்த காசு தண்டம்தான். மட்டமான ஒப்பந்தக்காரர் போட்ட சாலை ஒரே மழையில் பெயர்ந்தால் அவரை மாற்றச் சொல்வோம். சாலையே வேண்டாம் என்போமா?

அப்புறம், காசு கொட்டிக் கிடக்கிறது என்ற நினைப்பிலும் இருக்காதீர்கள். 2023இல், ஆய்வுகளுக்கு நிதி தரும் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டு, ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் பெரும்பங்கு தனியாரிடமிருந்து வர வேண்டும் என்பது கணக்கு. அந்தச் சட்டத்தில் சமூக அறிவியலுக்கும், மொழி, வரலாறு போன்ற துறைகளுக்கும் இடம் உண்டா? உண்டு, அறிவியலோடும் தொழில்நுட்பத்தோடும் அவை உரசிக்கொள்ளும் ஓரத்தில் மட்டும். மத்தியப் பல்கலைக்கழகத்தில், 'நெட்' என்ற தேசியத் தகுதித் தேர்வு வழியாக வரும் உதவித்தொகை இல்லாமல் பிஎச்டி செய்பவருக்கு நிர்ணயித்தது மாதம் 8,000 ரூபாய். 2015இல் அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். மாணவர்கள் டெல்லியில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வாசலில் ராப்பகலாக உட்கார்ந்த பிறகே பின்வாங்கினார்கள்.

அந்த எட்டாயிரத்தில் விடுதிச் சாப்பாடு, களப்பணிக்குப் பஸ் கட்டணம், ஜெராக்ஸ் எல்லாம் போக மிஞ்சுவதை நிவாரண நிதிக்கு அனுப்பச் சொல்கிறீர்களா? எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.