பரதத்தை விட மனமில்லை, தொழில் எதுவென்றும் தெரியவில்லை: மலையகத்திலிருந்து எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது?

கேள்வி சுருக்கமாக: நுவரெலியா மாவட்டம். உயர்தரத்தில் நடனம் (பரதம்), தமிழ், புவியியல். சின்ன வயதிலிருந்து பரதம் பழகுகிறேன். ஆசிரியராவதா, ஆடுவதா, வேறு அரச உத்தியோகமா என்று முடிவில்லை. நடனப் பட்டத்துக்குப் போவதா, பொதுவான கலைப் பட்டமா?

பதில்:

தொழிலை இப்போதே முடிவு செய்யத் தேவையில்லை. பெறுபேறு வந்து, இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் புள்ளி) தெரிந்து, விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்தும் நாள் வரைக்கும் இரண்டு வழியையும் வைத்திருக்கலாம். ஆனால் அதில் ஒரு வழி பலருக்குத் தெரியாமலே அடைபட்டுப் போகிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நடனப் பட்டத்துக்கு இரண்டு விண்ணப்பம் போட வேண்டும். ஒன்று, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எல்லோரும் போடுவது. மற்றது, செய்முறைப் பரீட்சைக்காக அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாகக் கோருவது. இதை உளச்சார்புப் பரீட்சை என்றும் சொல்வார்கள். ஆணைக்குழு விண்ணப்பத்தில் நடனத்தை முதலாவதாகப் போட்டிருந்தாலும், இசட் புள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும், செய்முறைப் பரீட்சையில் தேறியவர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் உங்களைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். அறிவித்தல் பத்திரிகையிலும் இணையத்தளத்திலும் வரும், முடிவுத் திகதி கிட்டத்திலேயே இருக்கும். பத்திரிகை தோட்டத்துக்கு வந்து, யாராவது பார்த்துச் சொல்லி, நீங்கள் டவுனுக்குப் போய்ப் படிவம் எடுப்பதற்குள் நாள் போய்விடும். பெறுபேறு வந்த கிழமையிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகம் இரண்டின் தளங்களையும் நீங்களே பார்த்து வாருங்கள். இரண்டு பரீட்சைக்கும் போங்கள். தேறிவிட்டால் நடனம்தான் படிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. போகாவிட்டால்தான் அந்த வருஷம் நடனம் என்ற பேச்சே முடிந்துவிடும்.

பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்று பயப்படுகிறவர்கள் பொதுவாகப் பெரிய உருப்படியை, அதாவது மேடையில் ஆடும் முழு நடனம் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பி ஆடிப் பழகுவார்கள். ஆனால் வர்ணம் ஒன்றை முழுதாக ஆடினால் அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். நடுவர்கள் சில நிமிடங்களில் போதும் என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் ஆளை எடைபோடுவது அடவில், அதாவது கையும் காலும் சேரும் அடிப்படை அசைவில்தான். தட்டடவு, நாட்டடவு, தீர்மானம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி மூன்று காலத்திலும் (வேகத்திலும்) கேட்டால் இரண்டு பிழை உடனே வெளியே வரும். முதலாவது தாளத்தை ஓட்டுவது. முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு சொல், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் அசையாமல் நிற்க, கால் மட்டும் கூட வேண்டும். பலர் காலத்தைக் கூட்டுகிறேன் என்று தாளத்தையே வேகமாக்கிவிடுகிறார்கள். போனில் மெட்ரோனோம் செயலி ஒன்றைப் போட்டு, நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துப் பாருங்கள். மூன்றாம் காலத்தில் செக்கனுக்கு நான்கு சொல் வர வேண்டும். அதில் தடுமாறினால் 45க்கு இறக்கி, சுத்தமான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். இரண்டாவது பிழை, மூன்றாம் காலம் வந்ததும் அரைமண்டி (முழங்காலை மடித்துப் பாதி தாழ்ந்து நிற்கும் நிலை) எழுந்துவிடுவது. கண்ணாடி இல்லாத வீட்டில் இது தெரியவே தெரியாது. போனை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டாக வைத்துப் படம் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாட்டைப் பென்டிரைவில் கொண்டுபோய் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். அங்கே கருவி வேலை செய்யாமல் போகலாம், போட வேண்டாம் என்றும் சொல்லலாம். ஜதீஸ்வரமோ வர்ணத்தின் திரிகால ஜதியோ, உங்கள் உருப்படியின் ஒரு பகுதியையாவது பாட்டில்லாமல் வெறும் சொற்கட்டுக்கு (வாயால் சொல்லும் தாளச் சொற்களுக்கு) ஆடிப் பழகியிருங்கள். அதே சொற்கட்டைக் கையில் தாளம் போட்டுச் சொல்லவும் வர வேண்டும். ஏழு தாளம், ஐந்து ஜாதி, மொத்தம் 35 என்று மனப்பாடம் செய்தவரிடம் மிஸ்ர ஜாதி ஜம்பை தாளம் போடச் சொன்னால் திணறுவார். அதன் உறுப்புகளைக் கூட்டினால் லகு ஏழு, அனுதிருதம் ஒன்று, திருதம் இரண்டு, ஆகப் பத்து அட்சரம் (எண்ணிக்கை). கண்ட ஜாதி அட தாளம் என்றால் 14. தினம் ஒன்று என்று போட்டுப் பார்த்தால் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே எல்லாம் கைக்கு வந்துவிடும். ஒற்றைக் கை முத்திரை 28இன் பெயரும் சுலோகமும் எல்லோரும் ஒப்புவிப்பார்கள். அவற்றில் ஒன்றான திரிபதாகத்தின் விநியோகத்தில் (அது எதை எதைக் காட்டப் பயன்படும் என்பதில்) நான்கைச் செய்துகாட்டச் சொன்னால்தான் வித்தியாசம் தெரியும்.

இனி இடத்துக்கு வருவோம். தமிழில் பரதத்தைப் பட்டமாகப் படிக்கப் பெரும்பாலும் இரண்டு இடம்தான். ஒன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் சங்கீத அக்கடமியின் வழியில் வந்தது, இன்று தனிப் பீடம். மற்றது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம், மட்டக்களப்பு கல்லடியில். 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது. கொழும்பில் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்திலும் இந்திய நடனம் உண்டு. ஆனால் அங்கே படிப்பு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். கண்டிய நடனத்தில் ஆர்வமும், சிங்களத்தில் பரீட்சை எழுதும் அளவுக்கு மொழியும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா என்று பெயரை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். அங்கே இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடம் சில விஷயம் கேட்டால் போதும். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் செய்முறை, எத்தனை மணித்தியாலம் எழுத்து? நட்டுவாங்கம் (தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துவது) எல்லோருக்கும் கற்பிக்கிறார்களா, விரும்பியவருக்கு மட்டுமா? விரிவுரை முடிந்த பிறகு மண்டபத்தைத் தருவார்களா, பூட்டிவிடுவார்களா? தரை சீமெந்தா, பலகையா? இறுதி ஆண்டு ஆற்றுகையின் பக்கவாத்தியச் செலவு யார் தலையில் விழும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. நான்காம் வருஷத்தில் வீட்டுக்குப் போன் எடுத்துத்தான் சொல்வார்கள்.

பயணம் சின்ன விஷயம் இல்லை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் என்றால் யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் பொல்காவலையில் மாற வேண்டும், இல்லாவிட்டால் கண்டிக்கு வந்து பஸ் எடுக்க வேண்டும். எப்படியும் ஒரு முழு நாளோ இரவோ போய்விடும். பதுளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டக்களப்பு கிட்ட. பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை வழியாகப் போகும் ஏ5 வீதியே செங்கலடியில்தான் முடிகிறது. இரண்டு இடத்திலும் வெக்கை. மலைக் குளிரில் பழகிய உடம்பு முதல் இரண்டு மாதம் நடன வகுப்பில் சீக்கிரம் சோரும். தண்ணீரோடு உப்பும் சேர வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சு விளங்குமா, நம் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களா என்ற கவலை பலருக்கு உண்டு. ஒரு தவணைக்குள் அது கரைந்துவிடும், அதற்காக இடத்தை மாற்ற வேண்டாம்.

போன பிறகு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். முதல் வருஷத்தில் திரும்பவும் தட்டடவிலிருந்து தொடங்குவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு டீச்சரிடம், ஒவ்வொரு பாணியில் பழகி வந்திருப்பார்கள். கை நீட்டும் கோடு, மண்டியின் ஆழம், அடவின் எண்ணிக்கை எல்லாம் வேறு வேறு. இதை அவமானமாக எடுத்துக்கொண்டு பழைய பாணியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் இரண்டாம் வருஷத்தில் பின்தங்குவார்கள்.

இப்போது கலைப் பட்டம். உங்களுக்குக் கிட்ட இருப்பது பேராதனை. தமிழும் புவியியலும் அங்கே இருக்கின்றன, கண்டியில் நல்ல நடன ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பட்டத்தை ஒரு பக்கமும் பரதத்தை இன்னொரு பக்கமும் கொண்டுபோகலாம் என்று சொல்வார்கள். முடியும், ஆனால் எங்கே அறுந்துபோகும் என்று தெரிந்துகொண்டு போங்கள். முதல் வருஷம் கிழமைக்கு இரண்டு வகுப்பு நடக்கும். சிறப்புக் கற்கைக்குத் தெரிவாக வேண்டும் என்ற ஓட்டத்தில் ஒன்றாகும். பரீட்சைக் காலத்தில் அதுவும் நிற்கும். விடுதி அறையில் ஆட இடமில்லை, மேல்மாடியில் தட்டினால் கீழே இருப்பவர் வந்து கதவைத் தட்டுவார். இப்படி ஆறு மாதம் போனால் முதலில் மூச்சும், அடுத்து மூன்றாம் காலமும் போய்விடும். அபிநயம் மட்டும் கடைசி வரை நிற்கும். இந்த வழிதான் என்றால் விடுதி கிடைத்த கிழமையிலேயே கண்டியில் ஆசிரியரையும் வகுப்பு நாளையும் உறுதி செய்யுங்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளில் மிச்சம் இருந்தால் அவற்றையும் தொடருங்கள். பரீட்சைத் திகதி ஒன்று முன்னால் இருந்தால்தான் வகுப்பு அறுபடாது. கலாவித்தகர் என்ற கடைசித் தரம் வரை போனால் வகுப்பு நடத்த மதிப்பு உண்டு. ஆனால் அது பட்டம் ஆகாது. ஆசிரியர் நியமனத்துக்கு என்ன தகைமை கேட்கிறார்கள் என்பதை ஒவ்வொரு வர்த்தமானியிலும் தனியாகப் பார்க்க வேண்டும்.

நடனப் பட்டம் எடுத்தால் அரச உத்தியோகம் கிடைக்காது என்று ஊரில் சொல்வதில் பாதிதான் உண்மை. நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருந்தால் போதும், பாடம் எதுவென்று பார்ப்பதில்லை. தமிழ் ஆசிரியராகவோ புவியியல் ஆசிரியராகவோ போகும் வாய்ப்புத்தான் குறையும். எந்தப் பட்டம் எடுத்தாலும் நியமனம் தாமதமாகலாம், அதில் நடனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

என் கணிப்பைக் கேட்டால், உங்கள் நிலையில் நடனத்தை மேலேயும் கலைப் பட்டத்தை அதற்குக் கீழேயும் வரிசைப்படுத்துவேன். கலைப் பட்டத்தைப் பின்னாளில் திறந்த பல்கலைக்கழகத்திலோ வெளிவாரியாகவோ 30 வயதிலும் எடுக்கலாம். 19 வயதிலிருந்து 23 வரை தினமும் ஆடுதளத்தில் நிற்கும் நான்கு வருஷம் பிறகு கிடைக்காது. ஆனால் ஒரு நிபந்தனை. உயர்தரம் முடிந்து பெறுபேறு வரும் வரை உள்ள மாதங்களில், கிழமையில் ஆறு நாள், இரண்டு மணித்தியாலம், உருப்படி எதுவும் இல்லாமல் அடவும் தாளமும் மட்டும் செய்து பாருங்கள். மேடை, சேலை, கைதட்டல் எதுவும் இல்லாத அந்த இரண்டு மணித்தியாலம் சலித்துப்போனால் வரிசையை மாற்றிவிடுங்கள். முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தாலும் அப்படித்தான். லயன் வீட்டுச் சீமெந்துத் தரையில் குளிரோடு எழுந்து நேரே தட்டத் தொடங்கினால் கணைக்கால் முன்னெலும்பு வலிக்கும். கால் மணித்தியாலம் உடம்பைச் சூடாக்கி, கோயில் மண்டபத்திலோ பாடசாலை மண்டபத்திலோ பலகைத் தரை கிடைக்கிறதா என்று பாருங்கள்.

வரிசை போடும்போது ஒன்று நினைவிருக்கட்டும். மேலே போட்டது கிடைத்தால் கீழே உள்ளவை தானாக விழுந்துவிடும். ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த பிறகு, பிடிக்கவில்லை என்று அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பிக்க முடியாது.

வீட்டில் சீக்கிரம் சம்பளம் தேவை என்றால் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரியைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டு வருஷம் தங்கிப் படிப்பு, ஒரு வருஷம் கட்டுறுபயிற்சி. பத்தனை ஶ்ரீபாத கல்லூரி பக்கத்தில்தான். ஆனால் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம், எந்த மாவட்டத்துக்கு என்பது அந்த வருஷ வர்த்தமானியில்தான் இருக்கும்.

இந்தியா போகும் யோசனை இருந்தால் ஒன்றே ஒன்று. சென்னை கலாக்ஷேத்திராவில் கிடைப்பது நான்கு வருஷ டிப்ளோமா. பயிற்சிக்கு அது போல இடம் குறைவு, ஆனால் இங்கே பட்டதாரிப் பதவிக்கு எப்படிக் கணிப்பார்கள் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் (ஐ.சி.சி.ஆர்.) புலமைப்பரிசிலில் நடனத்துக்கும் இசைக்கும் தனித் திட்டம் உண்டு, இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைப் பாருங்கள்.

பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள் என்றால், இங்கேயே படிக்கவும் ஓர் உதவி இருக்கிறது. 1947இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் தருகிறது. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதற்கான கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அந்தக் கடிதம் கைக்கு வரத்தான் அதிக நாள் எடுக்கும்.