மஞ்சள் காமாலை ஊசி போட்டாச்சா?

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. முந்தாநாள் வார்டில், குத்திய ஊசிக்கு மூடி போடும்போது என் விரலில் ஏறிவிட்டது. திட்டுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) தடுப்பூசி இரண்டு தவணைதான் போட்டிருக்கிறேன், மூன்றாவது பரீட்சை நேரத்தில் விட்டுப்போனது.
- மாணவி, திண்டுக்கல்

பதில்: இதழ் வரும்வரை காத்திருக்கிற விஷயமில்லை என்பதால் உங்களுக்கு அன்றைக்கே தனியாகப் பதில் போட்டுவிட்டேன், இது மற்ற மாணவர்களுக்கு. ஊசி குத்தினால் சோப்பும் குழாய்த் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்சவே வேண்டாம், நேராக டியூட்டி சிஸ்டரிடம் போய்ச் சொல்லுங்கள். திட்டு விழுந்தால் விழட்டும். நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்து உங்களுக்குத் தடுப்பூசி முழுமையாகவில்லை என்றால் இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார் எதிர்ப்புப் பொருள்) ஊசி போட வேண்டும், அதை 24 மணி நேரத்துக்குள் போடுவதுதான் நல்லது, 7 நாள் தாண்டினால் பலன் இருக்குமா என்பதே சந்தேகம். கூடவே விட்டுப்போன மூன்றாவது தவணையும். முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. எல்லோரும் எய்ட்ஸை நினைத்துத்தான் நடுங்குகிறார்கள், (அதற்கான மாத்திரையையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சரி) ஆனால் தொற்றுள்ள ஊசி குத்தினால் எச்.ஐ.வி. ஒட்டுவது ஆயிரத்தில் சுமார் 3 பேருக்கு, தடுப்பூசி போடாதவர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஒட்டுவது நூற்றில் 6 முதல் 30 பேருக்கு. காய்ந்த ரத்தக் கறையிலேயே 7 நாள் உயிரோடு கிடக்கும் வைரஸ் இது. அப்புறம் அந்த மூடி: இடது கை விரல் இடுக்கில் மூடி, வலது கையில் ஊசி, பின்னாலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். பயன்படுத்திய ஊசிக்கு மூடியே போடாதீர்கள், அப்படியே ஊசி வெட்டும் கருவிக்குள் விடுங்கள்.

கேள்வி: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குழந்தையிலேயே போட்டாச்சு என்கிறார் அம்மா. கார்டு இல்லை. போதுமா?
- லேப் டெக்னீஷியன் மாணவர், கடலூர்

பதில்: இந்தத் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க வந்ததே 2011-இல்தான், அதனால் அம்மாவின் ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது. கார்டு இல்லையென்றால் போடாத மாதிரிதான்; 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணை போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்ற அளவு) பாருங்கள். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலை விட்டது.

கேள்வி: ஹெபடைடிஸ் பி உள்ள என் அண்ணனுக்குக் கீழாநெல்லி போதும் என்கிறார் பாட்டி. நான் நர்சிங் படித்தும் பதில் சொல்லத் தெரியவில்லை.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாட்டி பார்த்த மஞ்சள் காமாலையெல்லாம் பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ ஆக இருக்கும். அது தானாகவே சரியாகிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். பி வைரஸுக்கும் இந்தச் செடியைச் சென்னையில் தியாகராஜன் குழுவினர் ஆராய்ந்தார்கள், வைரஸைக் கண்டுபிடித்த புளூம்பெர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். 1988-இல் நம்பிக்கையான முடிவு வெளியானது, பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அண்ணனை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனை இலவசம், தேவைப்பட்டால் டெனோஃபோவிர் மாத்திரையும் இலவசம். அப்படியே வீட்டில் எல்லோருக்கும், பாட்டி உட்பட, ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.