கார்ட்டிங் ஓட்டும் பையனுக்கு அடுத்து என்ன?

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் சில வருடங்களாகக் கார்ட்டிங், அதாவது சின்ன ரேஸ் வண்டி, ஓட்டுகிறான், கோப்பையும் வாங்கியிருக்கிறான். "ஆற்காட்டுப் பக்கம் இருக்கிற நஞ்சையை விற்று ஐரோப்பாவுக்கு அனுப்புங்க மச்சான், அடுத்த நரேன் கார்த்திகேயன் நம்ம பையன்தான்" என்கிறார் தாய்மாமன். "கார் போதும், எப்படியாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிக் கொடுத்துடு" என்கிறார் பெரியப்பா. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

உங்கள் கவலை நியாயமானது ஐயா. ஆனால் ஆறுதல் சொல்லி உங்கள் நேரத்தைப் போக்க மாட்டேன். இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

முதலில் நிலம். கார்ட்டிங்கிலிருந்து ஃபார்முலா 4, பிறகு ஃபார்முலா 3, ஃபார்முலா 2 என்று ஏறித்தான் உச்சியான ஃபார்முலா 1க்குப் போகவேண்டும். ஃபார்முலா 4க்கு 15 வயது, ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு 18 வயதும், கீழ்ப் பந்தயங்களில் சேர்த்த 40 புள்ளிகளும் வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு சீசன் ஓட்டவே கோடிகள் ஆகும், மேலே போகப் போக அது பெருகும். சம்பளம் தரமாட்டார்கள், ஓட்டுபவர்தான் அணிக்குப் பணம் கட்டவேண்டும். 2005இல் நரேன், 2010இல் கருண் சந்தோக். ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய இந்தியர்கள் இந்த இருவர் மட்டுமே. நஞ்சையை விற்ற பணம் ஒரு சீசனில் தீர்ந்துவிடும். அடுத்த சீசனுக்கு எதை விற்பீர்கள்? ஸ்பான்சர் கையெழுத்துப் போடாமல் ஒரு சென்ட் நிலத்தைக்கூடத் தொடாதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பெரியப்பாவின் யோசனைக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்புதான், அதை விரும்பும் பிள்ளைக்கு. உங்கள் கடிதம் முழுவதும் தேடினேன், பையன் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்ததாக ஒரு வரி இல்லை.

ஆனால் வேறொரு வரி இருக்கிறது. ரேஸ் முடிந்ததும் மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போக, இவன் மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து டயர் பிரஷர், செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல் எண்ணிக்கை, ஒரு சுற்றுக்கு ஆகும் லேப் டைம் எல்லாம் நோட்டில் எழுதுகிறான் என்று குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். குறையே இல்லை ஐயா. அவன் மனசு எங்கே இருக்கிறது என்பதை அந்த நோட்டு சொல்கிறது.

ரேஸ் இன்ஜினியர் என்றொரு வேலை இருப்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. கார் டிராக் ஓரத்துப் பட்டறையான பிட்டுக்குள் வந்ததும் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்திலும் சூடு பார்ப்பார்கள். நடுப்பகுதி அதிகம் கொதித்தால் காற்று கூடுதல். உள்விளிம்பு மட்டும் மிக அதிகமாகக் கொதித்தால் சக்கரத்தின் சாய்வைக் குறைக்கவேண்டும். அப்புறம் லேப்டாப். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது, டிரைவர் பிரேக்கை எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தமாக மிதித்தார், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எப்போது எடுத்தார் என்று எல்லாம் கோடுகளாக வரும். இரண்டு டிரைவர்களின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எந்த வளைவில் நேரம் போனது என்று புரியும். அதை டிரைவருக்கு அவர் கோபத்தில் இருக்கும்போதும் பக்குவமாகச் சொல்லவேண்டும். தானே கார்ட் ஓட்டியவனுக்கு இந்தப் பேச்சு எளிதில் வரும். உங்கள் மகன் இதுவரை ஓட்டியது வீணாகாது.

வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அரசு பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ, ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். முடித்ததும் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடம். மாணவர் ரேஸ் கார் அணி உள்ள கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள். வேலூர் வி.ஐ.டி.யில் பிரவேகா ரேசிங் என்ற அணி இருக்கிறது. மாணவர்களே காரை வடிவமைத்து, வெல்டிங் செய்து, ஓட்டிக் காட்டவேண்டும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இப்படிப்பட்ட மாணவர் அணிகளுக்காக நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில், கார் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் சுமார் 22 கிலோமீட்டர் எண்டியூரன்ஸ் ஓட்டம் உண்டு, பாதியில் நின்றுபோகும் கார்கள் ஏராளம். நடுவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் காட்டி "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று துளைப்பார்கள். வேலைக்கு எடுப்பவர்கள் மார்க் ஷீட்டுக்கு முன்னால் இந்த அனுபவத்தைத்தான் கேட்பார்கள். ரேஸ் அணிகளில் இடம் குறைவு, அதனால் அது கிடைக்காவிட்டாலும் இதே படிப்பும் அனுபவமும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வாகன, டயர் தொழிற்சாலைகளில் செல்லும்.

கார் ஓட்டுவதை நிறுத்தவேண்டாம். இருங்காட்டுக்கோட்டை டிராக் சென்னை நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, வேலூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். மாருதி ஸ்விஃப்ட் இன்ஜின் போட்ட ஃபார்முலா எல்ஜிபி 4 என்ற உள்நாட்டு ரேஸ் கார்கள் (மேலே சொன்ன ஃபார்முலா 4 வேறு) அங்கும் கோவையிலும் ஓடுகின்றன. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால் பணத்தைவிடக் கையும் காலும்தான் பேசும். அதுவும் லட்சங்களில்தான் போகும், எனவே வருடத்துக்கு எவ்வளவு என்று மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தங்கை இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவள் படிப்புப் பணம் இந்தக் கணக்கில் வரக்கூடாது. முடிவான தொகையைப் பையனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்கு அதிக நாள் இருக்காது. அதற்குள் ஒரு ரேஸ் வாரம் அவனை ஓட்டவிடாமல், மெக்கானிக்குடன் முழுநாளும் பிட்டில் வேலை செய்ய விடுங்கள். சாயங்காலம் அவனிடம், மாமாவும் பெரியப்பாவும் இல்லாத நேரமாகப் பார்த்து, எது பிடித்தது என்று கேளுங்கள். ஓட்டுவதுதான் வேண்டும் என்றால் எல்ஜிபி 4 வரை சரி, நிலம் அப்போதும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.