புளூகிராஸ் கிட்டார்: ரிதத்தில் தொடங்குவதா, ஃபிளாட்பிக்கிங்கில் தொடங்குவதா?

அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸில் கிட்டார் கற்கும் நீங்கள், கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) மீட்டித் தாளம் கொடுக்கும் ரிதத்தில் தொடங்குவதா, ‘பிக்’ என்னும் சிறு தட்டை வில்லையால் மெட்டை ஸ்வரம் ஸ்வரமாக வாசிக்கும் ஃபிளாட்பிக்கிங்கில் தொடங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ரிதத்தில் தொடங்குங்கள். ஜி, சி, டி ஆகிய மூன்று கார்டுகளையும் தடுமாறாமல் மாற்ற வருகிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அது போதும், இனி வேலை முழுவதும் வலது கைக்குத்தான்.

புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் 1946 வாக்கில் இருந்தவை மாண்டலின், பாஞ்சோ, ஃபிடில் (வயலின்), கிட்டார், நின்றபடி வாசிக்கும் பெரிய பாஸ். டிரம்ஸ் கிடையாது. 1, 2, 3, 4 என்று எண்ணினால் 1-லும் 3-லும் பாஸ் ஒலிக்கும். 2-லும் 4-லும் மாண்டலின் ‘சக்’ என்று வெட்டும். கிட்டார் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது: 1-லும் 3-லும் ஒற்றைத் தடித்த கம்பி, 2-லும் 4-லும் மெல்லிய கம்பிகளில் ஒரு சிறு ஸ்ட்ரம் (வருடல்). இதைத்தான் ‘பூம்-சக்’ என்கிறார்கள்.

ஜி கார்டில் முதல் பூம் மிகத் தடித்த ஆறாம் கம்பியில், அடுத்தது நான்காம் கம்பியில். சி-யில் ஐந்து, நான்கு. டி-யில் நான்கு, ஐந்து. ஸ்ட்ரம்மை விட ஒற்றைக் கம்பியே ஓங்கி ஒலிக்க வேண்டும்; புதிதாகக் கற்பவர்களிடம் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை மெதுவாக வைத்து, அதன் ஒலி 2-லும் 4-லும் விழுவதாக எண்ணிக்கொண்டு வாசியுங்கள். மாண்டலின்காரர் பக்கத்தில் நிற்பது போலவே இருக்கும்.

அடுத்து ஜி ரன். மன்றோவின் அந்தக் குழுவில் கிட்டார் வாசித்த லெஸ்டர் ஃபிளாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சிறு ஓட்டம் இது. இந்த இசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் வரும். எளிய வடிவம்: ஐந்தாம் கம்பி திறந்து (விரலால் அழுத்தாமல்), அதிலேயே முதல் ஃபிரெட் (கழுத்தில் உள்ள உலோகக் கோடு), இரண்டாம் ஃபிரெட், நான்காம் கம்பி திறந்து, பிறகு இரண்டாம் ஃபிரெட், முடிவில் மூன்றாம் கம்பி திறந்து. அந்தக் கடைசி ஸ்வரம் எண்ணிக்கையில் சரியாக வந்து உட்கார வேண்டும். ஃபிளாட் கட்டைவிரல் பிக்கும் விரல் பிக்கும் அணிந்து வாசித்தவர். தட்டையான பிக்கிலும் இது அழகாகவே வரும்.

ஃபிளாட்பிக்கிங்குக்கு இங்கிருந்தே வழி இருக்கிறது. 1927-இல் அமெரிக்காவின் பிரிஸ்டலில் முதன்முதலாகப் பதிவு செய்த ‘கார்ட்டர் குடும்பம்’ என்ற பாட்டுக் குழுவின் மேபெல், தடித்த கம்பிகளில் கட்டைவிரலால் மெட்டை வாசித்து, இடையிடையே மெல்லிய கம்பிகளை வருடுவார். நீங்கள் அதைப் பிக்கால் செய்யுங்கள். ‘பூம்’ விழும் இடத்தில் பாட்டின் ஸ்வரத்தை வையுங்கள், ‘சக்’ அப்படியே இருக்கட்டும். தனியாக உட்கார்ந்தாலும் முழுப் பாட்டு கேட்கும்.

அதற்குப் பிறகுதான் ஃபிடில் மெட்டுகள். 1950-களில் கிட்டார் கலைஞர் டாக் வாட்சன் இருந்த நடனக் குழுவில் ஃபிடில்காரர் இல்லை. அந்த மெட்டுகளை அவர் மின் கிட்டாரில் வாசித்தார். விதி ஒன்றுதான்: எண்ணிக்கை மேல் விழும் ஸ்வரத்துக்குப் பிக் கீழ்நோக்கி, இடையில் வருவதற்கு மேல்நோக்கி. கம்பி மாறினாலும் இது மாறாது. ஸ்வரம் இல்லாத இடத்திலும் கை காற்றில் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். வேகம் கூடும்போது கையைக் காப்பாற்றுவது இந்தப் பழக்கம் மட்டுமே என்று உறுதியாகச் சொல்வேன்.

பிக் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லியது வளைந்து ஒலியை மங்கச் செய்யும். கம்பிகள் எல்லாவற்றையும் ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதை மாட்டி, ஜி வடிவங்களை இரண்டாம் ஃபிரெட்டில் ஏ ஆகவும், நான்காவதில் பி ஆகவும் வாசிக்கலாம்.

கேட்பதற்கு புளூகிராஸ் கிட்டார் கலைஞர் டோனி ரைஸ். அவருடைய தனி வாசிப்பில்தான் எல்லோரும் மயங்குவார்கள்; நீங்கள் முதலில் மற்றவர் பாடும்போது பின்னால் அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள்.