தொழில் நடத்தும் கணினி விளையாட்டுகளில் முதலில் எதை ஆடலாம்?

ஓபன்டிடிடி, ரோலர்கோஸ்டர் டைகூன், கேம் டெவ் டைகூன், கேபிடலிசம் லேப் ஆகிய நான்கில் எது தொழிலின் கணக்கைக் கற்றுத்தரும் என்பது கேள்வி. ஒவ்வொன்றும் எதைப் பழக்குகிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஓபன்டிடிடி போக்குவரத்து நிறுவனம் நடத்தும் விளையாட்டு. இதில் பணம் முடங்குவது முதலீட்டில். 1995இல் வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸை அடியொற்றி 2004இல் இலவசமாக வெளியானது. வழக்கமான அமைப்பில் கையில் ஒரு லட்சம் பவுண்டு இருக்கும், அது முழுக்கக் கடன். மலையை வெட்டி, பாலம் போட்டே அதைக் கரைத்துவிட்டு ரயில் வாங்கக் காசில்லாமல் நிற்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. வரைபடம் சதுரக் கட்டங்களால் ஆனது; சமதரையில் ஒன்றுக்கொன்று 60, 70 கட்டத் தூரத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையமும் இருக்கிறதா என்று தேடுங்கள். நிலக்கரியைக் கொண்டுசேர்க்கும் கூலிக்கான தூரம் என்பது இரு ரயில் நிலையங்களுக்கும் இடையே குறுக்கே எத்தனை கட்டம், நெடுக்கே எத்தனை கட்டம் என்பதன் கூட்டுத்தொகை. தண்டவாளம் வளைந்து போனால் கூலி கூடாது, நேரம்தான் வீணாகும். நிலக்கரி கொஞ்சம் தாமதம் தாங்கும். பயணிகள் கட்டணமோ புறப்பட்டதிலிருந்தே சரியும்.

நிரம்பும்வரை காத்திருக்கச் சொல்லும் 'முழுச் சுமை' கட்டளையை ரயிலுக்குக் கொடுப்பது கட்டாயம். உங்கள் சேவைக்கு விளையாட்டு தரும் நிலைய மதிப்பீடு 70 சதவீதம் என்றால் சுரங்கம் தோண்டும் 100 டன்னில் 70தான் உங்களுக்கு வந்து சேரும். ஏதாவது ஒரு ரயில் எப்போதும் ஏற்றிக்கொண்டே நின்றால் மதிப்பீடு உயரும். இன்னொன்று, சந்திப்பைத் தாண்டி ரயில் நீளத்துக்கு இடம் விடாமல் சிக்னல் வைத்தால், ரயிலின் வால் சந்திப்பிலேயே கிடந்து மற்ற பாதைகளையும் அடைத்துவிடும். வருமானம் திடீரென்று நின்றுபோனால் முதலில் அங்கே பாருங்கள்.

1999இல் வந்த, கேளிக்கைப் பூங்கா நடத்தும் ரோலர்கோஸ்டர் டைகூன் விலை நிர்ணயத்துக்கான பாடம். ராட்டினம் பழசாக ஆக, அதற்கு மக்கள் தரத் தயாராக இருக்கும் தொகை குறையும். ஒரே வகையில் இரண்டு வைத்தாலும் குறையும். கூட்டம் குறைந்தால் புதிதாகக் கட்டாதீர்கள். பார்வையாளர்களின் எண்ணங்களைத் திறந்து படியுங்கள், விலை அதிகம் என்று அவர்களே சொல்வார்கள். மழை பெய்யும்போது குடையின் விலையை ஏற்றினாலும் வாங்குவார்கள். தேவை என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

கணினி விளையாட்டு தயாரிக்கும் நிறுவனத்தை நடத்தும் கேம் டெவ் டைகூன் நல்ல பொழுதுபோக்கு, ஆனால் மேலாண்மைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் செய்த விளையாட்டுக்கான மதிப்பெண் உங்களுடைய பழைய சாதனையோடு ஒப்பிட்டே தரப்படுகிறது. அதனால் ஒரு பெரிய வெற்றிக்கு அடுத்த படைப்பு தரமாக இருந்தும் அடிவாங்கும். சந்தை அப்படி இயங்குவதில்லை.

கடை, ஆலை, பண்ணை எல்லாம் நடத்தும் கேபிடலிசம் லேப் 2001இல் வந்த கேபிடலிசம் 2இன் வாரிசு. உருவாக்கியவர் அதே டிரெவர் சான். ஒவ்வொரு கடைக்கும் ஆலைக்கும் மூன்றுக்கு மூன்று என ஒன்பது அறைகள். கொள்முதல், விற்பனை, விளம்பரம் என்று நிரப்பி, பக்கத்துப் பக்கத்து அறைகளை இணைக்க வேண்டும். இணைப்பு விட்டுப்போனால் கொள்முதல் அறையில் சரக்கு குவிந்து கிடக்க, விற்பனை அறை காலியாக இருக்கும். வாடிக்கையாளர் பார்ப்பது விலை, தரம், பிராண்ட் மூன்றையும். எதற்கு எவ்வளவு எடை என்பது பொருளுக்குப் பொருள் மாறும். பிராண்டுக்கு எடை குறைவான பொருளுக்கு விளம்பரம் செய்வது வீண் செலவு. தரத்தைக் கூட்டவும் முதலில் அந்தப் பொருளின் விவரக் குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். மூலப்பொருளின் தரம்தான் பெரும்பங்கு என்றால் ஆராய்ச்சிக் கூடம் கட்டிப் பயனில்லை, நல்ல சுரங்கமோ பண்ணையோ தேடுங்கள். தேவை இருப்பைவிட மிஞ்சினால் விரிவாக்கத்துக்கு ஓடாமல் விலையைச் சற்று ஏற்றிப் பாருங்கள்.

கணக்குப் பழக வேண்டும் என்றால் என் தேர்வு கேபிடலிசம் லேப்தான். ஆனால் கடனுக்குச் சரக்கு கொடுத்துவிட்டு மூன்று மாதம் வசூலுக்கு அலைவது, நம் ஊரில் கடைகளை உண்மையில் மூட வைக்கும் அந்தச் சிக்கல், நான்கிலுமே கிடையாது. கையில் காசு செலவழிக்காமல் தொடங்க ஓபன்டிடிடி. முதல் ஆட்டத்தில் வண்டி பழுதாவதை அமைப்புகளில் நிறுத்திவிட்டு, ஒரே நிலக்கரிப் பாதையைக் கடன் தீரும்வரை ஓட்டுங்கள்.